உணவுக்கூடையைத் தாண்டி

2020 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் தேதி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது நான் ஐந்தாம் படிவ மாணவி. அப்பா ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்து நின்றது. அம்மா பாத்திரம் கழுவிய உணவகம் மூடப்பட்டது. கிள்ளானில், அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில், இரண்டு அறை கொண்ட வீட்டில் நாங்கள் ஆறு பேர் அடைந்து கிடந்தோம்.

இரண்டாவது வாரம் ஒரு பொது இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் வாசலில் உணவுக்கூடை ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா கூடத்தில் அதைப் பிரித்து அடுக்கினார். ஐந்து கிலோ அரிசி, இரண்டு கிலோ சீனி, ஒரு பாக்கெட் எண்ணெய், இரண்டு டின் கெட்டிப் பால், ஒரு டின் பிஸ்கட், கோதுமை மாவு, மீ பாக்கெட்டுகள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்குப் பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீர் நோய். அப்பாவுக்கும் அதே நோய்.

அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில் கேமரன் மலையைக் காட்டினார்கள். உணவகங்களும் தங்கும் விடுதிகளும் மூடப்பட்டதாலும் மொத்தச் சந்தைகள் முடங்கியதாலும் விவசாயிகள் காய்கறிகளை லோரி லோரியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கோஸும் தக்காளியும் மலை மலையாகக் கிடந்தன. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, "அடப் பாவிங்களா! அதுல ஒரு கூடை இங்க வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

பாட்டி தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு ஐந்தாண்டுகளாக நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் விளைந்தது அழிகிறது. மறு பக்கம் உண்ண வேண்டியது இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய கை எது? அந்தக் கையாகச் சமூகத்தின் இலாப நோக்கமற்ற இயக்கங்கள் மாற முடியும், மாற வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து.

நன்றி மறந்து பேசவில்லை

அந்தக் கூடையைக் கொண்டு வந்தவர்களை நான் குறை கூறவில்லை. நோய்த்தொற்றுக்கு அஞ்சி நாடே கதவடைத்திருந்த வேளையில் எங்கள் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். அந்த அரிசி எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் உலை ஏறியது. அதை மறந்து எழுதினால் எழுதும் கை நன்றாக இருக்காது.

ஆயினும் ஒன்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் சமுதாயத்தில் இயக்கங்களுக்குக் குறைவில்லை. ஆலய நிர்வாகங்கள், இளைஞர் மன்றங்கள், மாதர் பிரிவுகள், முன்னாள் மாணவர் சங்கங்கள் என்று எண்ணிக்கொண்டே போகலாம். தீபாவளி வந்தால் இவற்றில் பெரும்பாலானவை செய்வது ஒரே காரியம்: உணவுக்கூடை வழங்குதல். மேடை, பதாகை, பிரமுகர், நிழற்படம், கைதட்டல். மறுநாள் நாளிதழில் செய்தி. அடுத்த தீபாவளிக்கு அதே குடும்பங்கள், அதே கூடை. பத்தாண்டுகள் கூடை கொடுத்த பிறகும் கூடை வாங்குவோர் வரிசை குறையவில்லை என்றால், கொடுக்கும் முறையைச் சற்றே மாற்றிப் பார்க்க வேண்டாமா?

கூடைக்குள் என்ன இருக்கிறது என்பதும் சிறிய விஷயமன்று. 2019 ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. அதாவது நம்மில் பெரியவர்கள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் மூவருக்கு இந்நோய். அப்படிப்பட்ட சமுதாயத்திற்குச் சீனியும் கெட்டிப் பாலும் வெள்ளை மாவும் கொடுப்பதைத் தருமம் என்று சொல்லும்போது என் நாக்கு தயங்குகிறது. 2022 ஆம் ஆண்டு பாட்டியின் வலக்காலில் இரண்டு விரல்களை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு கூடை காரணமில்லை. நாற்பது ஆண்டு உணவுப் பழக்கம் காரணம். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு எதிராக எந்தக் கூடையும் ஒரு பிடி கீரை தந்ததில்லை.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

பாட்டி கோலா சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீட்டின் பின்னால் முருங்கை, வாழை, பாகல், கத்தரி, கறிவேப்பிலை எல்லாம் இருந்தனவாம். கோழி அடைக்கக் கூண்டு, அடுத்த வீட்டில் பால் மாடு. மாலையில் பால்மரக் காட்டிலிருந்து திரும்பும்போதே பொன்னாங்கண்ணியும் மணித்தக்காளிக் கீரையும் மடியில் வந்துவிடும். சம்பளம் வராத நாளிலும் குழம்பு கொதித்தது என்பார்.

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் பாட வரவில்லை. அற்பக் கூலி, மளிகைக் கடைக் கடன், கள்ளுக்கடை, பள்ளியை விட்டு இறங்கிய பிள்ளைகள் என அதன் துயரங்களை நம் எழுத்தாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று உண்மை. அந்த ஏழைகளிடம் விதைக்கத் தெரிந்த கையும், விதைக்க ஒரு துண்டு மண்ணும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மறைந்தபோது நம் மக்கள் இழந்தது வேலையையும் வீட்டையும் மட்டுமல்ல. தங்கள் உணவில் ஒரு பங்கைத் தாங்களே விளைவிக்கும் ஆற்றலையும் இழந்தார்கள். லயத்தில் இலவசமாகக் கிடைத்த முருங்கைக் கீரையை இன்று பேரங்காடியில் நெகிழிப் பையில் விலை கொடுத்து வாங்குகிறோம்.

வாங்குவதற்கும் உத்தரவாதமில்லை. 2022 ஆம் ஆண்டில் மட்டும் மலேசியா 75 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் உணவுப் பொருள்களை இறக்குமதி செய்தது. நாம் உண்ணும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, நம் நாட்டில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறியது. கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 சென் என விலை கட்டுப்படுத்தப்பட்டிருந்த உள்ளூர் அரிசியைத் தேடி எல்லாரும் ஓடியதில் அது கடை அடுக்குகளிலிருந்து காணாமற்போனது. இந்தியா 2024 செப்டம்பரில் தடையை நீக்கிவிட்டது. ஆனால் எங்கோ ஓர் அரசாங்கம் எடுக்கும் முடிவு நம் வீட்டு அரிசிப் பானை வரை எட்டும் என்பதை அந்த ஓராண்டு நமக்குக் கற்றுத் தந்தது.

இத்தனைக்கும் நடுவே நாம் கொட்டுவது எவ்வளவு தெரியுமா? திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகக் கழகம் தந்துள்ள கணக்கின்படி நாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவு கழிவாகிறது. அதில் ஏறத்தாழ 4,000 டன் இன்னும் உண்ணத்தக்க நிலையில் உள்ளது. ஆகவே இது வெறும் பற்றாக்குறைப் பிரச்சினையன்று. சேர வேண்டியது சேர வேண்டிய இடத்தில் சேராத பிரச்சினை.

நடுவில் நிற்கும் கை

உணவு நம்மிடம் வந்து சேரும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். விவசாயி விளைவிக்கிறார். முகவர் லோரியில் ஏற்றுகிறார். செலாயாங் போன்ற மொத்தச் சந்தைக்கு வருகிறது. அங்கிருந்து சில்லறை வணிகர், அதன் பின் நாம். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகிறது, காய் வாடுகிறது. வணிகர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. அவர்களுக்கும் வாடகை உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆனால் இலாபம் இல்லாத இடத்துக்கு வணிகம் போகாது. ஏழைக் குடியிருப்பின் நான்காம் மாடிக்குத் தரமான கீரையைக் கொண்டு சேர்ப்பதில் இலாபம் இல்லை. அரசாங்கமோ பெரிய திட்டங்களைத் தீட்டும். 1974 ஆம் ஆண்டில் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி வீட்டைச் சுற்றிலும் பயிரிடச் சொன்னார். நல்ல திட்டம்தான். ஆயினும் எந்த வீட்டில் யாருக்கு இனிப்பு நீர், எந்த மாடியில் படியிறங்க முடியாத முதியவர் என்பதெல்லாம் அமைச்சுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். வணிகம் போகாத, அரசாங்கத்தின் கண்ணுக்கு எட்டாத அந்த இடைவெளிதான் சமூக இயக்கத்தின் இடம். அங்கே அது என்னென்ன செய்யலாம்?

முதலாவது, மீட்பது. நம் நாட்டில் இது புதிதன்று. 2013 இல் உணவு உதவி அறவாரியமும், 2016 இல் தி லாஸ்ட் ஃபூட் புரோஜெக்ட் இயக்கமும் தோன்றின. பேரங்காடிகளிலும் சந்தைகளிலும் விற்காமல் தேங்கும் நல்ல உணவைப் பெற்று இல்லங்களுக்கும் குடும்பங்களுக்கும் சேர்ப்பது இவற்றின் பணி. "கொடுத்த உணவால் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற அச்சம் கொடுப்பவர்களைத் தடுத்து வந்தது. நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் கொடுப்பவர்கள்மேல் வழக்குப் பாயாமல் காக்க 2020 ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இந்தச் சட்டம் பற்றி நம் ஆலய நிர்வாகங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருவிழா நாளில் அன்னதானச் சோறு அண்டா அண்டாவாக மிஞ்சி மறுநாள் குப்பைத் தொட்டிக்குப் போவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சமைத்த உணவுக்கு நேரக் கணக்கு உண்டு. நான்கு மணி நேரத்துக்குள் உண்டு முடிப்பது நல்லது. ஆகவே மிஞ்சிய பிறகு யோசிப்பதைவிட, எந்த மணிக்கு எந்த இல்லத்துக்கு வண்டி போகும் என்பதை அடுப்பு மூட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தராசு, பெட்டிகள், ஒரு வண்டி, நேரம் தவறாத நாலு பேர் இருந்தால் இதைத் தொடங்கிவிடலாம்.

இரண்டாவது, வாங்குவதாக வாக்குக் கொடுப்பது. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சிறு விவசாயிக்கு மானியத்தைவிடத் தேவையானது நிச்சயமான வாங்குநர். கீரையும் கங்கோங்கும் நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். நான்கு வாரம் கழித்து யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்று தெரியாமல்தான் அவர் விதைக்கிறார். வாரந்தோறும் இத்தனை கிலோவை இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஓர் இயக்கம் எழுதிக் கொடுத்தால் அவர் அச்சமின்றி விதைப்பார். விலையும் இடைக்கைகள் இன்றி இருவருக்கும் கட்டும்.

எங்கள் குடியிருப்பில் 2022 இல் இதைச் செய்து பார்த்தார்கள். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரும் ஐந்தாறு அம்மாக்களும் தொடங்கினார்கள். கோலா லங்காட் வட்டாரத்தில் சிறு நிலத்தில் பயிரிடும் ஒருவரிடம் பேசினார்கள். புதன்கிழமைக்குள் குடும்பத்துக்குப் பத்து ரிங்கிட் கட்ட வேண்டும். சனிக்கிழமை காலை ஒரு பை காய்கறி கிடைக்கும். முதல் வாரம் பதினான்கு குடும்பங்கள். ஆறாவது மாதத்தில் நாற்பதைத் தாண்டியது. பத்து ரிங்கிட் கொடுக்க இயலாதவர்கள் மூன்று கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காமலும் இருக்கலாம். குறையும் தொகையை நன்கொடையாளர்கள் நிரப்புவார்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே பை. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஆசிரியையின் நோட்டுப் புத்தகத்துக்கு மட்டுமே தெரியும்.

இந்தக் கடைசி ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரியும். 2021 ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றலாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. ஒருநாள் மாலை அம்மா ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தார். சன்னல் வரை போனார். பிறகு அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். பசியைவிட நான்காவது மாடியில் எல்லார் கண்ணிலும் படுவதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. கொடுக்கிற இயக்கங்கள் இதை உணர வேண்டும். பெறுபவரை மேடையேற்றிப் படம் எடுக்கும் தருமம், அந்த வெள்ளைத் துண்டை அலமாரிக்குள்ளேயே வைத்துவிடும்.

மூன்றாவது, விளைவிப்பது. பங்சாரில் மின்கம்பிகளுக்குக் கீழே பயன்படாமல் கிடந்த நிலத்தில் 2017 இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் தோட்டத்தைப் பலர் அறிவீர்கள். தன்னார்வலர்கள் வளர்க்கும் காய்கறிகள் அறநிலையங்களுக்கும் போகின்றன. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் பணி இன்னும் பழமையானது. 1969 இல் பதிவு பெற்ற அச்சங்கம், 2019 இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் தலைமையில் இரசாயனமற்ற விவசாயத்தையும் வீட்டுத் தோட்டத்தையும் மக்களிடம் கொண்டு சென்றது; பள்ளிகளில் பட்டறைகள் நடத்தியது; தமிழிலும் எழுதியது. ஒரு பெரிய கொள்கையைப் பாமரருக்குப் புரியும் மொழியில் சொல்வதும் உணவுப் பணிதான் என்பதற்கு அச்சங்கமே சான்று.

நான்காவது, தட்டை மாற்றுவது. கூடை கொடுப்பதென்றால் அதில் சீனிக்குப் பதில் பருப்பும், வெள்ளை மாவுக்குப் பதில் கேழ்வரகு மாவும், கெட்டிப் பாலுக்குப் பதில் முட்டையும் வைப்பதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. பொருள் வாங்கப் போகும் செயலாளர் ஒருவர் மனம் வைத்தால் போதும். முருங்கைக் கீரையும் மணித்தக்காளியும் சமைக்கத் தெரியாத தலைமுறை வந்துவிட்டது. நானும் அதில் ஒருத்தி. எங்கள் குடியிருப்பில் மாதம் ஒருமுறை பாட்டிமார் சமைத்துக் காட்டுகிறார்கள். கீழ்மாடிக் கூடத்தில் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடி கீரை ஆய்வதைப் பதினைந்து இளம் தாய்மார்கள் சுற்றி நின்று பார்த்ததை நான் மறக்க மாட்டேன். உதவி வாங்குபவராக மட்டுமே அதுவரை அறியப்பட்டவர் அன்று ஆசிரியராக இருந்தார்.

எதிர்க்கேள்விகள்

"பசித்தவன் முன் நின்று விவசாயம் பேசுவதா? முதலில் சோறு போடு" என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நியாயமான வாதம். அவசர வேளையில் அரிசிதான் முதல். கூடையை நிறுத்தச் சொல்லவில்லை. கூடையோடு நின்றுவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மணிமேகலையின் அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. ஆனால் அதிலும் முதல் பிச்சையை ஆதிரை இட வேண்டியிருந்தது. அதன் பிறகே அது ஊரின் பசி தீர்த்தது. நம் இயக்கங்கள் வெறும் பாத்திரத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. அதில் முதல் பிடியை இடுபவர், அதாவது விளைவிப்பவர், நம் கணக்கிலேயே இல்லை.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை" என்பது இன்னொரு வாதம். நிலம், விலை, மானியம், சுகாதாரம் எல்லாம் அரசாங்கத்தின் பொறுப்புத்தான். ஓர் இயக்கம் அரசாங்கத்துக்கு மாற்றாகாது, ஆகவும் கூடாது. ஆனால் தெருவில் என்ன நடக்கிறது என்று கணக்கோடு சொல்லும் இயக்கத்தின் குரலுக்கு எடை கூடும். "எங்கள் பகுதியில் மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்ற மகஜருக்கும், "நாற்பது குடும்பங்களில் இத்தனை குடும்பங்களில் நோயாளிகள், வாரம் இத்தனை கிலோ காய்கறி தேவை, பயன்படாத நிலம் இங்கே இருக்கிறது" என்ற மகஜருக்கும் வேறுபாடு உண்டல்லவா?

"பணம்?" என்பது மூன்றாவது கேள்வி. 1960 இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டப் பாட்டாளிகளிடமிருந்து சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். அது கூட்டுறவு, நான் பேசுவது இலாப நோக்கமற்ற இயக்கம். இரண்டும் ஒன்றல்ல. என்றாலும் பாடம் ஒன்றுதான்: பெரிய மனிதர் ஒருவரின் காசோலையைவிட, சிறிய மனிதர்கள் பலரின் மாதாந்தரப் பத்து ரிங்கிட் நிலையானது. அத்துடன் நம் இயக்கங்கள் 1966 ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் ஒழுங்காகப் பதிவு பெற்று, கணக்குத் தணிக்கை செய்து, தகுதி பெற்றால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) ஆம் பிரிவின்கீழ் அங்கீகாரம் கேட்கலாம். அது கிடைத்தால் நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு உண்டு. கணக்குக் காட்டத் தயங்கும் இயக்கத்துக்கு யாரும் இரண்டாம் முறை கொடுக்க மாட்டார்கள்.

நம் தோட்டம் ஏன் கருகியது?

இவ்வளவு எழுதிவிட்டு நம் வீட்டுக் கதையை மறைப்பது முறையன்று. சென்ற ஆண்டு நானும் என் நண்பர்களும் மாணவர் விடுதியின் பின்புறம் ஒரு காய்கறித் தோட்டம் போட்டோம். பதாகை கட்டித் திறப்பு விழா நடத்தினோம். வெண்டையும் கத்தரியும் தளிர்த்தன. சமூக வலைத்தளத்தில் படங்கள் போட்டோம். பருவ விடுமுறை வந்தது. எல்லாரும் ஊருக்குப் போனோம். திரும்பி வந்தபோது வெண்டைச் செடிகள் குச்சிகளாக நின்றன. தண்ணீர்க் குழாய் எழுபது மீட்டர் தூரத்தில் இருந்ததை விழாவுக்கு முன் யாருமே யோசிக்கவில்லை. பதாகைக்குச் செலவழித்த பணத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்கியிருக்கலாம்.

அந்தக் கருகிய பாத்தியில் மூன்று பாடங்கள் கற்றேன். ஒன்று, தோட்டம் அங்கேயே வாழ்பவருடையதாக இருக்க வேண்டும். விருந்தாளிகளால் தோட்டம் வளராது. இரண்டு, நிலத்துக்கும் தண்ணீருக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் நடைபாதையில் வைத்திருந்த பூச்சட்டிகளை, தீ நேர்ந்தால் வழியை அடைக்கும் என்று ஒரே நாளில் அகற்றச் சொன்னார்கள். பாட்டியின் கறிவேப்பிலையும் அதில் போயிற்று. மூன்று, தொடங்குவதற்கு ஆர்வம் போதும். தொடர்வதற்கு அட்டவணை வேண்டும்.

எனவே பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் இன்னொரு தோட்டத்தைத் திறந்து வைப்பதைவிட, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் சமூக இயக்கங்களுக்கு நம்மிடம் இருப்பதைக் கொடுக்கலாம். நம்மிடம் இருப்பது படிப்பு. கணக்கியல் மாணவர் ஒருவர் ஓர் இயக்கத்தின் கணக்கேட்டைச் சீராக்கலாம். சட்ட மாணவர் பதிவுப் பத்திரங்களையும் நிலக் கடிதங்களையும் தமிழில் விளக்கலாம். ஊட்டச்சத்துத் துறையினர் கூடைப் பொருள் பட்டியலைத் திருத்தித் தரலாம். கணினித் துறையினர் புதன்கிழமைப் பதிவுக்கு ஓர் எளிய ஏற்பாடு செய்யலாம். மொழி மாணவர்கள் நாம் பாட்டிமாரின் கீரைப் பெயர்களையும் பக்குவங்களையும் எழுதி வைக்கலாம். அவர்கள் போனால் அந்தச் சொற்களும் போய்விடும். தமிழ்ப் பணி என்பது மேடைப் பேச்சும் பட்டிமன்றமும் மட்டுந்தானா? பொன்னாங்கண்ணி என்ற சொல் பிழைத்திருக்க வேண்டுமானால் பொன்னாங்கண்ணி யார் வீட்டுச் சட்டியிலாவது வேக வேண்டும்.

முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு உங்கள் நிறுவனமோ சங்கமோ நூறு கூடைகள் கொடுக்கத் திட்டமிட்டால், ஐம்பது கூடைகள் கொடுங்கள். மீதி ஐம்பதுக்கான பணத்தில் ஒரு சிறு விவசாயியிடம் ஆறு மாத விளைச்சலுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். அந்தப் பணம் முதலில் ஒரு விளைவிப்பவரை வாழ வைக்கும். பிறகு வாரா வாரம் ஒரு குடியிருப்பைச் சென்று சேரும். ஆலயங்களும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளும் இதில் சேர்ந்தால் வாங்குநர் பலம் பன்மடங்காகும். அன்னதானத்துக்கு வாங்கும் காய்கறியை நம்மைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளிடம் வாங்க எந்த ஆகமமும் தடை சொல்லவில்லை.

இது எளிதன்று. எங்கள் குடியிருப்பிலும் எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. மழைக்காலத்தில் மூன்று வாரம் காய்கறி வரவில்லை. முன்பணம் கட்டியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆசிரியைக்கு உடல்நலம் குன்றியபோது ஒரு மாதம் எல்லாம் நின்றது. ஒருவரையே நம்பியிருந்த இயக்கம் ஒருவரோடு படுத்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது நோட்டுப் புத்தகத்தை மூவர் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த மூவரில் அம்மாவும் ஒருவர்.

விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது சனிக்கிழமை காலைகளில் பை பிரிக்கும் வேலை எனக்கு. சென்ற முறை பாட்டிக்கென்று ஒரு கட்டு முருங்கைக் கீரையைத் தனியே எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பாட்டி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு வெளச்சல் பாப்பா?" என்று கேட்டார். விளைவித்தவரின் பெயரைச் சொன்னேன். "நல்லா இருக்கட்டும்" என்றார்.

கடையில் வாங்கிய எந்தக் கீரைக்கும் பாட்டி அப்படிக் கேட்டதில்லை. விளைவிப்பவரின் பெயர் உண்பவருக்குத் தெரிகிற உணவு முறை ஒன்றை நம்மால் உருவாக்க முடியும். அதற்கான இயக்கங்கள் நம் சமுதாயத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் கால்கள் இன்னும் நாலு படி ஏறி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கும் முதல் கூட்டமாக நாம் இருப்போமே!